தினமும் ஒரு கை கப்பலண்டி: ஆயுசு கூடுமா, எப்படித் தொடங்குவது?

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்ப்பக்கம் முந்திரிப்பருப்புக்கு அண்டிப்பருப்பு என்று பெயர், முந்திரி ஆலை அண்டியாபீஸ், வேர்க்கடலை கப்பலண்டி. எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் போய்க் கேட்டாலும் இதே பெயர்தான். அம்மா பதினெட்டு வருஷம் அண்டியாபீஸில் தொலி உரித்தவர். அதனால் எங்கள் வீட்டில் பருப்பு என்றால் கூலி, விரல் நுனியில் கறை, சாயங்காலம் இடுப்புவலி. அதைச் சாப்பாடாக யாரும் நினைத்ததில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தபிறகுதான், “தினமும் கொஞ்சம் நட்ஸ் கொடுங்க” என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுச் சித்தியோ, “அண்டிப்பருப்பு மட்டும் கொடுத்துராதீங்க, கொழுப்பு ஏறிரும்” என்றார். இரண்டையும் கேட்டுக் குழம்பி, உட்கார்ந்து படித்து, தப்பும் செய்து, கடைசியில் வீட்டில் ஒரு வழக்கமாக நிலைத்ததை இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தத் தப்பைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

முதலில் கேள்விக்குப் பதில்

இதயத்துக்கு நல்லது என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆயுசு கூடும் என்பதற்கு இருக்கிற ஆதாரம் அதைவிடக் கொஞ்சம் இளைத்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் கடைக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கலிபோர்னியாவில், சனிக்கிழமை ஆராதனை நடத்தும் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த 31 ஆயிரம் பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்து, லோமா லிண்டா பல்கலைக்கழகத்தார் 1992-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் நான்கு தடவைக்கு மேல் கொட்டைப்பருப்பு சாப்பிட்டவர்களுக்கு, எப்போதாவது சாப்பிட்டவர்களைவிட மாரடைப்பு ஏறக்குறைய பாதிதான் வந்திருந்தது. இந்தப் பேச்செல்லாம் அங்கேதான் சூடு பிடித்தது. அப்புறம் 2013-இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க நர்சுகளையும் ஆண் மருத்துவப் பணியாளர்களையும் சேர்த்து சுமார் 1,19,000 பேரின் முப்பது வருஷக் கணக்கை வெளியிட்டார்கள். தினமும் சாப்பிட்டவர்களிடம் இறப்பு விகிதம் 20 சதவீதம் குறைவு. “நட்ஸ் தின்றால் ஆயுள் 20 சதவீதம் கூடும்” என்று சிலர் சொல்வது இதைத் தப்பாகப் படித்ததால்தான். உதாரணத்துக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்தில் நூறு பேரில் பத்துப் பேர் இறந்துபோகிற இடத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள் என்றால் அதுதான் 20 சதவீதக் குறைவு. எண்பது வயது வரை வாழ வேண்டியவர் தொண்ணூற்றாறு வரை வாழ்வார் என்று அதற்கு அர்த்தமே கிடையாது.

இந்த மாதிரி ஆராய்ச்சியில் ஒரு பலவீனம் உண்டு. தினமும் பருப்பு சாப்பிடுகிற அமெரிக்கர், பெரும்பாலும் சிகரெட் குறைவாகப் பிடிக்கிறவர், உடற்பயிற்சி செய்கிறவர், காய் பழம் அதிகம் சாப்பிடுகிறவர். ஆராய்ச்சியாளர்கள் இதையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் பார்த்தார்கள், ஆனாலும் முழுசாகக் கழித்துவிட முடியாது. அந்த ஹார்வர்டு ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் பணம் கொட்டைப்பருப்பு வியாபாரிகளின் அமைப்பிலிருந்தும் வந்தது, அதை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட நம்பிக்கை தந்தது 2015-இல் வந்த இன்னொன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழும் ஏழை மக்கள், அதில் கறுப்பினத்தவர் நிறைய, சிகரெட் பிடிக்கிறவர்களும் நிறைய, அவர்களோடு சீனாவின் ஷாங்காய் நகரத்து மக்கள். இவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் நம் கப்பலண்டிதான், பாதாமும் வால்நட்டும் குறைவு. அங்கேயும் சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவாகவே இருந்தது. வசதியாக வாழ்கிறவர்களின் நல்ல பழக்கம்தான் காரணம் என்று இதைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

சரி, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கொடுத்து இன்னொரு பிரிவுக்குக் கொடுக்காமல் பார்த்தார்களா? பார்த்தார்கள். ஸ்பெயினில் பிரெடிமெட் என்ற பெயரில், இதயநோய் வர வாய்ப்பு அதிகம் உள்ள 7,447 பேரை வைத்து அதைச் செய்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 30 கிராம்: பாதி வால்நட், மீதி பாதாமும் ஹேசல்நட்டும். ஐந்து வருஷத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், அந்தப் பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 30 சதவீதத்தை ஒட்டிக் குறைந்திருந்தன, அதிலும் பக்கவாதம்தான் தெளிவாகக் குறைந்தது. ஆட்களைப் பிரித்த முறையில் சில இடங்களில் தவறு நடந்தது தெரியவந்து 2018-இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கை மறுபடி போட்டு வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த மரணம் அந்தச் சோதனையில் தெளிவாகக் குறையவில்லை. அதனால்தான் ஆயுசு பற்றி அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் ஆட்களுக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு: சென்னையில், டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 300 பேரை வைத்து, ஒரு பாதிக்கு 12 வாரம் தினமும் 30 கிராம் அண்டிப்பருப்பு கொடுத்துப் பார்த்த சோதனை 2018-இல் வெளிவந்தது. எடை ஏறவில்லை, சர்க்கரை மோசமாகவில்லை. மேல் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல் சிறிதளவு கூடியது. சித்திக்கு இதைத்தான் காட்டினேன். அண்டிப்பருப்பில் கொலஸ்டிரால் கிடையாது, எந்தத் தாவர உணவிலும் அது சொல்லும்படி இல்லை. இருக்கிற கொழுப்பிலும் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெயில் இருக்கிற அதே வகை.

படி 1: எதை நிறுத்துவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான் செய்த தப்பு இங்கேதான். அப்பாவுக்காக வாங்கியதை நானும் தின்றேன், வழக்கமான சாயாவும் வடையும் மிக்சரும் அப்படியே இருக்க, அதற்கு மேல் ஒரு கை பருப்பு. மூன்று மாதத்தில் எனக்கு மூன்று கிலோ ஏறியது. 28 கிராம் பருப்பில் 160 முதல் 180 கலோரி இருக்கிறது, ஏறக்குறைய இரண்டு இட்லிக்கும் கூடுதல். அதைச் சாப்பாட்டுக்கு மேலே போட்டால் உடம்பில்தான் போய்ச் சேரும்.

அதனால் கடைக்குப் போகும் முன்பே, நாளில் எந்தத் தீனியின் இடத்தில் பருப்பை வைப்பது என்று பாருங்கள். நம் பக்கம் அதற்கு நல்ல இடம் நான்கு மணிச் சாயா. சாயக்கடை ரசவடை, ஏத்தம்பழ பஜ்ஜி, வீட்டு டப்பாவில் இருக்கிற ஏத்தங்காய் சிப்ஸ், மிக்சர், பேக்கரி பப்ஸ், இதில் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வையுங்கள். பருப்பால் கிடைக்கிற நன்மையில் ஒரு பகுதி, அது வெளியே தள்ளுகிற தீனியால் கிடைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டம் போய், நார்ச்சத்தும் புரதமும் நல்ல கொழுப்பும் உள்ள ஒன்று வருகிறது. அதோடு பருப்பு பசியை அடக்கும், ராத்திரி சாப்பாடு தானாகக் கொஞ்சம் குறையும். முழுப் பாதாமை மென்று தின்றால் அதிலுள்ள கொழுப்பு முழுதும் உடம்பில் சேர்வதில்லை, ஒரு பகுதி ஜீரணமாகாமலே வெளியேறிவிடுகிறது. 28 கிராம் பாதாமிலிருந்து உண்மையில் கிடைப்பது 129 கலோரிதான் என்று அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் அளந்து காட்டினார்கள். அதற்காக இரண்டு கை தின்னலாம் என்று கிளம்ப வேண்டாம்.

படி 2: எதை வாங்குவது

கப்பலண்டி. இப்படி ஒரே சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் பாதாம் வாங்கினால்தான் ஆரோக்கியம் என்று நம்பிக் கடன் வாங்கிச் செலவு செய்கிறவர்களைப் பார்க்கிறேன், அதனால் விளக்குகிறேன். செடியியல்படி அது பயறு வகையைச் சேர்ந்தது, மண்ணுக்குள் காய்க்கிறது. ஆனாலும் ஆராய்ச்சிகளில் மரக்கொட்டைகளுக்குக் கிடைத்த பலன் இதற்கும் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது. நூறு கிராமில் 25 கிராம் புரதம். வால்நட் கால் கிலோ வாங்குகிற காசில் இதை ஒன்றரை கிலோவுக்குக் குறையாமல் வாங்கலாம். வால்நட்டின் சிறப்பு அதிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு. மத்தி, அயலை வாரத்தில் இரண்டு தடவை குழம்பு வைக்கிற வீட்டில் அதற்காக அவ்வளவு தவிக்க வேண்டியதில்லை.

அண்டிப்பருப்பு வாங்குவதாக இருந்தால், அம்மாவிடம் கற்ற ஒன்றைச் சொல்கிறேன். பாக்கெட்டில் டபிள்யூ 180, 240, 320 என்று போட்டிருப்பது ஒரு பவுண்டு, அதாவது 454 கிராமில் எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்கிற கணக்கு. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலை அதிகம். பெரிதாக இருப்பதால் சத்து கூடிவிடாது. இரண்டாகப் பிளந்ததும் துண்டும் அதே மரத்தின் அதே பருப்புதான், உரிக்கிறபோது உடைந்துவிட்டது, அவ்வளவுதான். உடையாமல் உரிக்கத்தான் அம்மா அத்தனை வருஷம் குனிந்து உட்கார்ந்திருந்தார், ஆனால் தின்கிறவருக்கு அதில் லாபம் எதுவும் இல்லை. வீட்டுக்குத் துண்டுப் பருப்பு வாங்குங்கள். துண்டில் ஒரு சங்கடம் உண்டு, சீக்கிரம் காறல் பிடிக்கும். அதனால் நூறு நூறு கிராமாக வாங்குவது நல்லது.

தேங்காயைப் பற்றி நம் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டும். பெயரில் காய், ஆங்கிலத்தில் நட், ஆனால் இந்த ஆராய்ச்சிகள் எதிலும் தேங்காய் கணக்கில் இல்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைகொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றுகிற வகை, கொட்டைப்பருப்பின் கொழுப்போ பெரும்பாலும் நிறைவுறாதது. அவியலுக்கும் தீயலுக்கும் தேங்காய் வேண்டும், நானும் விடவில்லை. ஆனால் “நாங்கள் தினமும் தேங்காய் தின்கிறோமே” என்று சொல்லி அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

படி 3: அளவு

நாளுக்கு 28 முதல் 30 கிராம். பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில், 15 முதல் 20 கிராம் வரையிலேயே பலனின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது, அதற்கு மேல் தின்றால் பெரிதாகக் கூடுவதில்லை என்று தெரிந்தது. வாரத்தில் ஐந்து நாள் போதும்.

தராசு இல்லாதவர்களுக்கு எண்ணிக்கைக் கணக்கு: பாதாம் 23, நடுத்தர அண்டிப்பருப்பு 18, வால்நட் அரைப்பிளவாக 14, தோடு நீக்கிய பிஸ்தா 49, இவற்றில் ஏதாவது ஒன்று 28 கிராம். எல்லாவற்றையும் சேர்த்துத் தின்றுவிடாதீர்கள். கப்பலண்டியை எண்ண முடியாது, உள்ளங்கையைக் குழித்தால் அதில் நிற்கிற அளவு. அவித்த கப்பலண்டி என்றால் தண்ணீர் குடித்து எடை கூடியிருக்கும், கொஞ்சம் தாராளமாகவே எடுக்கலாம்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கக் கூடாது. சின்னக் கிண்ணத்தில் எடுத்துவிட்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிடுங்கள்.

படி 4: பூஞ்சை, காறல், மழை

இந்தப் படியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். நம் பக்கம் ஜூனில் இடவப்பாதி மழை, ஐப்பசியில் துலா மழை. வருஷத்தில் பாதி நாள் காற்றிலேயே ஈரம். கப்பலண்டியில் ஈரம் ஏறினால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடிக்கும், அது அஃப்லடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் என்ன நோய் என்றே தெரியாமல் செத்துப்போயின, தேடிப் பார்த்தபோது தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அந்த விஷம் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதர்களுக்கு அது ஈரல் புற்றுநோயை உண்டாக்கும், ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு. வறுத்தாலும் அவித்தாலும் அது முழுசாகப் போகாது.

அதனால் வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பச்சையோ கறுப்போ தூள் படிந்தது, முளைவிட்டது எதுவும் வேண்டாம். தின்னும்போது ஒன்று கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள், காசு கொடுத்தாயிற்றே என்று யோசிக்காதீர்கள். ஒரு தடவை ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு கிலோ வாங்கி வந்தேன். அம்மா முறத்தில் கொட்டி ஐந்து நிமிஷம் பார்த்தார், “இதுல பாதி கெட்டது, மக்களே, ஆருக்கும் கொடுக்காத” என்று மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிவிட்டார். கோழிக்குக்கூடப் போட விடவில்லை, அவர் செய்தது சரிதான்.

தோட்டோடு வாங்கினால் நாள்படத் தாங்கும். உரித்ததை வாங்கினால் பதினைந்து நாளுக்குப் போதுமானது மட்டும் வாங்கி, லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துவிடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து எல்லாம் கெட்டுவிடும். மழைக்காலத்தில் பிரிட்ஜ்தான் சரி. வால்நட்டுக்கு எந்தக் காலத்திலும் பிரிட்ஜ், அதன் எண்ணெய் சீக்கிரம் காறும். பழைய எண்ணெய் வாடையோ பெயிண்ட் வாடையோ வந்தால் அது கெட்டதுதான்.

மாசி, பங்குனியில் கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) விழுகிற விளைகளில் பிள்ளைகள் அண்டியைப் பொறுக்கிச் சுட்டுத் தின்பார்கள். தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தெறித்தால் தோல் வெந்து கொப்பளிக்கும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் விடாதீர்கள்.

படி 5: எப்படித் தின்பது

வறுத்தது, அவித்தது, பச்சையாக, எப்படியும் சரி. எண்ணெயில் பொரித்து உப்பும் மசாலாவும் தூவியது, கடலைமாவு பூசிய மசாலா கடலை, இவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், பிரஷர் உள்ளவர்கள் உப்புப் போட்டதைத் தொடவே வேண்டாம். கடலைமிட்டாய் எனக்கும் பிடிக்கும், கோவில்பட்டியிலிருந்து யார் வந்தாலும் வாங்கிவரச் சொல்வேன், ஆனால் அது வெல்லம் சேர்ந்த இனிப்புதான். பாட்டிலில் வருகிற கடலை வெண்ணெய்க்கு, முழுப்பருப்புக்குக் கிடைத்த பலன் நெதர்லாந்தில் 1,20,000 பேரைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சியில் தெரியவில்லை.

பாதாமை ஊறவைத்துத் தோலுரிக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பல் சரியில்லாத பெரியவர்களுக்கு மெல்ல எளிதாக இருக்கும், அதற்காக ஊறவையுங்கள். தோலை எறிய வேண்டாம், நார்ச்சத்து அதில் இருக்கிறது.

யார் யோசித்துச் செய்ய வேண்டும்

கப்பலண்டியோ வேறு பருப்போ தின்று உதடு வீங்கியது, தடிப்பு வந்தது, மூச்சு இறுகியது என்றால் திரும்பச் சோதித்துப் பார்க்கக் கூடாது, டாக்டரிடம் போங்கள். அண்டிப்பருப்பு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது, இரண்டும் ஒரே குடும்பம். சிறுநீரக நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குப் பொட்டாசியமும் பாஸ்பரசும் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும், கிட்னியில் கல் வந்தவர்களுக்குப் பாதாமிலும் அண்டிப்பருப்பிலும் இருக்கிற ஆக்சலேட் தொல்லை தரலாம். இவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுப்பருப்பு கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும். அரைத்துக் கஞ்சியிலோ தோசைமாவிலோ கலந்து கொடுங்கள்.

படி 6: மூன்று மாதம் கழித்து

தொடங்கும் முன் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை, வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனையும் எடையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டுக் கணக்கில், தினமும் சராசரியாக 67 கிராம் தின்றவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 7.4 சதவீதம் இறங்கியது. நாம் தின்பது அதில் பாதியைவிடக் குறைவு, அதனால் இறக்கமும் சிறிதாகத்தான் இருக்கும். எடை ஏறியிருந்தால் படி 1-க்குத் திரும்பிப் போங்கள், எதையும் நிறுத்தாமல் மேலே போட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அப்பாவுக்கு எல்டிஎல் நன்றாக இறங்கியது, அது கொழுப்பு மாத்திரையால்தான், பருப்புக்கு அதில் சின்னப் பங்குதான் இருக்கும். நான்கு மணிக்குச் சாயாவோடு ஒரு கிண்ணம் கப்பலண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்டிப்பருப்பு. அம்மாவுக்கும் அதே கிண்ணம்தான், அவர் தின்னும் முன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை, எங்கள் கிண்ணங்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்.